லட்சத்தில் ஒன்று, நூறு கோடியில் ஒன்று

போர் விமானம் ஒன்று பயிற்சியின்போது விழுந்து நொறுங்கியது, விமானி பாராசூட்டில் தப்பினார் என்ற செய்தி நாளிதழ் படிப்பவருக்குப் புதிதல்ல. பயணிகள் விமானம் விழும் செய்தி அதைவிட அரிது. வானில் போர் விமானங்களைவிடப் பயணிகள் விமானங்களே மிக அதிகம் பறக்கின்றன என்பதை நினைத்தால் இந்த வேறுபாடு இன்னும் வியப்பளிக்கும். போர் விமானத்துக்கு அரசுகள் கொட்டும் பணம் அதிகம். அதன் கணினிகள் காலத்தின் முன்னணித் தொழில்நுட்பம். ஓட்டுபவரோ ஆயிரத்தில் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். இத்தனை இருந்தும் அது ஏன் அதிகம் விழுகிறது?

தாழப் பறப்பது, கூர்மையாகத் திரும்புவது, ஒன்றையொன்று துரத்துவது என்று போர்ப் பயிற்சியே ஆபத்தானது என்பது பாதி விடை. மறுபாதி, விமானம் வரைபடமாக இருக்கும்போதே எழுதப்பட்டுவிடுகிறது. எத்தனை பறப்புகளுக்கு ஒரு முறை கட்டுப்பாட்டுப் பழுதால் விமானத்தை இழக்கலாம் என்று படைத்துறை விதிநூல் ஓர் எண்ணைக் குறிக்கிறது. பொது விமானப் போக்குவரத்தின் விதிநூலும் ஓர் எண்ணைக் குறிக்கிறது. இரண்டும் ஒரே எண் அல்ல. அவை ஏன் வேறுபடுகின்றன என்பதே இந்த அத்தியாயத்தின் பொருள்.

கோலிலிருந்து இறக்கைவரை

விமானத்தின் மூக்கை மேலும் கீழும் அசைப்பது வாலின் கிடைமட்டப் பகுதியில் உள்ள எலிவேட்டர். உடலை இடமோ வலமோ சாய்ப்பது இறக்கை விளிம்பிலுள்ள எய்லரான். மூக்கைப் பக்கவாட்டில் திருப்புவது செங்குத்து வாலில் உள்ள சுக்கான். விமானியின் கையும் காலும் தரும் கட்டளை இந்த அசையும் பரப்புகளைச் சென்றடையும் வழி முழுவதற்கும் பறப்புக் கட்டுப்பாடு என்று பெயர்.

தொடக்க காலத்தில் அந்த வழி எஃகு வடமும் உருளையும்தான். விமானங்கள் பெரிதாகி வேகமும் கூடியபோது காற்றின் அழுத்தத்தை மனிதக் கை வெல்ல முடியாமல் போனது. அழுத்தப்பட்ட எண்ணெயின் விசையால் பரப்புகளைத் தள்ளும் ஹைட்ராலிக் அமைப்பு அப்போது வந்து சேர்ந்தது. அடுத்த கட்டத்தில் வடமே போய்விட்டது. விமானி கோலை அசைத்தால் அது மின்குறிப்பாக மாறிக் கணினிக்குச் செல்கிறது. எந்தப் பரப்பை எவ்வளவு அசைக்க வேண்டும் என்று கணினி முடிவு செய்கிறது. ஃபிளை-பை-வயர் எனப்படும் இதை மின்வழிக் கட்டுப்பாடு என்று சொல்லலாம்.

1974-ல் முதன்முதலாகப் பறந்த அமெரிக்காவின் எஃப்-16 போர் விமானம் மாற்று வடம் எதுவும் இல்லாமல் முழுக்க மின்வழியை நம்பியது. பயணிகள் விமானங்களில் டிஜிட்டல் மின்வழிக் கட்டுப்பாட்டை முதலில் ஏற்றது ஏர்பஸ் ஏ320. அது முதலில் பறந்தது 1987-ல், சேவைக்கு வந்தது 1988-ல். இரண்டும் ஒரே நுட்பம். ஆனால் அவற்றைப் பயன்படுத்திய நோக்கம் வேறு.

எஃப்-16 வேண்டுமென்றே நிலைகுலைவுள்ளதாக வடிவமைக்கப்பட்டது. உள்ளங்கையில் துடைப்பக்குச்சியைச் செங்குத்தாக நிறுத்துகிறவர் கையை ஓயாமல் அசைத்துக்கொண்டே இருப்பதுபோல, அதன் கணினி நொடிக்குப் பல முறை வால்பரப்பைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. விழத் துடிக்கும் விமானம் திரும்பவும் துடிக்கும். போரில் அந்தத் துடிப்பு உயிர் காக்கும். கணினி முழுவதும் நின்றுபோனால் மனிதக் கையால் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. ஏ320 அப்படியல்ல. அது இயல்பிலேயே நிலையாகப் பறக்கக்கூடிய விமானம். கணினிகள் எல்லாம் செயலிழந்தாலும் வாலின் கிடைமட்டத் தகட்டையும் சுக்கானையும் இயந்திர வழியில் அசைத்து, கணினிகள் மீளும்வரை தாக்குப்பிடிக்க அதில் இடம் வைத்திருந்தார்கள்.

சான்று தருவது யார்

1944 டிசம்பர் 7 அன்று சிகாகோவில் கையெழுத்தான பன்னாட்டு விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் மூன்றாவது பிரிவு, அந்த உடன்படிக்கை பொது விமானங்களுக்கு மட்டுமே பொருந்தும் என்கிறது. படை, சுங்கம், காவல்துறை ஆகியவற்றின் விமானங்கள் அரசு விமானங்கள். அவை அதற்கு வெளியே நிற்கின்றன. இரண்டு விதிநூல்கள் தனித்தனியே வளர்ந்ததற்குச் சட்டத்தில் வேர் இதுதான்.

பொது விமானத்துக்குப் பறக்கும் தகுதிச் சான்று தருவது, அதைச் செய்தவரும் அல்லாத, வாங்கியவரும் அல்லாத மூன்றாவது அமைப்பு. அமெரிக்காவில் எஃப்.ஏ.ஏ., ஐரோப்பாவில் ஐரோப்பிய ஒன்றிய விமானப் பாதுகாப்பு முகமை, இந்தியாவில் டிஜிசிஏ. பெரிய பயணிகள் விமானங்களுக்கான அமெரிக்க விதி பகுதி 25 எனப்படுகிறது. ஐரோப்பிய விதியும் அதே எண்ணைத் தாங்கி சிஎஸ்-25 என வழங்குகிறது. யார் விமானம் செய்தாலும் அந்த விதி அப்படியே பொருந்தும். விலக்கு வேண்டுமானால் கேட்கலாம். ஆனால் கேட்டதும் கொடுத்ததும் பொதுப் பதிவில் நிற்கும்.

படைத்துறையில் வாங்குபவர், பயன்படுத்துபவர், சான்றளிப்பவர் மூவரும் ஒரே அரசின் கைகள். அமெரிக்கப் படைகள் பயன்படுத்தும் மில்-ஹெச்டிபிகே-516 என்ற கையேடு பறக்கும் தகுதிக்கான கேள்விகளை வரிசைப்படுத்துகிறது. அவற்றில் எவை இந்த விமானத்துக்குப் பொருந்தும், எந்த அளவுக்கு என்பதை ஒவ்வொரு திட்டத்துக்கும் தனியே தைத்துக்கொள்கிறார்கள். இந்தியாவில் படை விமானங்களுக்கான சான்றுப் பணி பெங்களூரிலுள்ள செமிலாக் என்ற மையத்திடம் உள்ளது. கோவைக்கு அருகே சூலூர் தளத்தில் நிற்கும் தேஜஸ் விமானங்கள் அதன் சான்றைப் பெற்றவை. எஃப்-16 போலவே தேஜஸும் இயல்பில் நிலைகுலைவுள்ள விமானம். நான்கு இணைத் தடங்கள் கொண்ட டிஜிட்டல் மின்வழிக் கட்டுப்பாட்டால் பறப்பது.

தானே வாங்கித் தானே சான்றளிக்கும் முறையில் உள்ள ஆபத்தைப் பிரிட்டன் கசப்பாகக் கற்றது. 2006-ல் ஆப்கானிஸ்தான் வானில் நிம்ராட் என்ற கண்காணிப்பு விமானம் தீப்பற்றி 14 பேர் இறந்தார்கள். 2009-ல் வந்த விசாரணை அறிக்கை, பாதுகாப்பு ஆய்வே வெறும் காகிதச் சடங்காகிவிட்டிருந்ததைக் கடுமையாகச் சாடியது. அதன் விளைவாக 2010-ல் படைக்குள்ளேயே தனித்தியங்கும் விமான ஒழுங்குமுறை அமைப்பு ஒன்றை அந்நாடு உருவாக்கியது. வேறு நாடுகளும் இந்த வழியில் வரத் தொடங்கியுள்ளன. தாமதமாக வந்தாலும் சரியான திசை இது.

நூறு கோடி எங்கிருந்து வந்தது

பொது விமான விதியின் நடுநாயகம் ஒரே ஓர் எண். விமானத்தையும் அதில் உள்ளவர்களையும் அழிக்கக்கூடிய எந்தப் பழுதுநிலையும் 100 கோடி மணி நேரப் பறப்புக்கு ஒரு முறைக்கு மேல் நிகழக் கூடாது. பழுதுநிலை என்றால் உடைந்த ஓர் உதிரிப்பாகம் அல்ல. ஒன்றோ பலவோ உடைந்ததால் விமானத்துக்கு ஏற்படும் கெட்ட நிலை. 'எலிவேட்டர் முழுவதும் செயலிழந்தது' என்பது ஒரு பழுதுநிலை. 100 கோடி மணி நேரம் என்பது ஒரே விமானத்துக்குச் சுமார் 1,14,000 ஆண்டுகள். இவ்வளவு பெரிய எண்ணை எப்படிப் பிடித்தார்கள்?

கணக்கு எளிது. விதி உருவான காலத்தின் விபத்துப் பதிவுகளைப் பார்த்தபோது, கடும் விபத்து ஏறத்தாழ 10 லட்சம் மணி நேரத்துக்கு ஒன்றாக இருந்தது. அவற்றில் பத்தில் ஒரு பங்கு விமானத்தின் அமைப்புகளில் ஏற்பட்ட பழுதால் வந்தது. மீதி வானிலை, மனிதத் தவறு முதலியவற்றால். எனவே அமைப்புப் பழுதால் வரும் கடும் விபத்து 1 கோடி மணி நேரத்துக்கு ஒன்று. புதிய விமானம் பழையதைவிட மோசமாக இருக்கக் கூடாது என்பது அடிப்படை நியாயம். ஒரு விமானத்தில் பேரழிவு தரக்கூடிய பழுதுநிலைகள் எத்தனை இருக்கும்? சுமார் 100 என்று ஓர் ஊகம் வைத்தார்கள். 1 கோடி மணி நேரத்துக்கு ஒன்று என்ற பங்கை அந்த 100 நிலைகளுக்கும் சமமாகப் பிரித்தால், ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 100 கோடி மணி நேரத்துக்கு ஒன்று.

புனிதமாகக் கருதப்படும் இந்த எண்ணின் உள்ளே ஒரு துணிந்த ஊகம் இருப்பது கவனிக்கத்தக்கது. ஆனால் அதை மறைக்கவில்லை. விதியின் விளக்கவுரையிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

எண்ணோடு இன்னொரு கட்டளையும் சேர்ந்து நிற்கிறது. ஒற்றைப் பழுது எதுவும், அது எவ்வளவுதான் அரிதாக இருந்தாலும், பேரழிவில் முடியக் கூடாது. இதற்குக் கணக்கு காட்டித் தப்ப முடியாது. நடைமுறையில் எண்ணைவிட இந்தக் கட்டளையே வடிவமைப்பாளரின் கையை அதிகம் கட்டுகிறது.

படைத்துறையின் கணக்கு

1975-ல் வந்த அமெரிக்கப் படைத்துறை விதிநூல் மில்-எஃப்-9490டி, பறப்புக் கட்டுப்பாட்டு அமைப்புக்கென்றே எழுதப்பட்டது. கட்டுப்பாட்டுப் பழுதால் விமானத்தை இழக்கும் வாய்ப்பை அது விமான வகைக்கு ஏற்பப் பிரிக்கிறது. கனமான பெரிய விமானங்களுக்கு 20 லட்சம் பறப்புகளுக்கு ஒன்று. ஹெலிகாப்டர்களுக்கு 4 லட்சத்துக்கு ஒன்று. போர் விமானங்கள் உள்ளிட்ட மற்றவற்றுக்கு 1 லட்சம் பறப்புகளுக்கு ஒன்று.

லட்சத்தில் ஒன்று என்றால் என்ன என்பதை ஒரு படையில் வைத்துப் பார்க்கலாம். 100 போர் விமானங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 200 முறை பறக்கிறது என்று கொள்க. மொத்தம் ஆண்டுக்கு 20,000 பறப்புகள். 1 லட்சம் பறப்புகள் சேர ஐந்து ஆண்டுகள் ஆகும். ஆக, கட்டுப்பாட்டுப் பழுதால் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு விமானம் போகலாம். அதன் விமானி பெரும்பாலும் குதித்துத் தப்பியிருப்பார். படைத் தளபதி வருந்துவார், ஆனால் படை நிலைகுலையாது.

அதே எண்ணைப் பயணிகள் விமானங்களுக்குப் பொருத்திப் பார்க்கலாம். 2019-ல் உலகெங்கும் அட்டவணைப்படி இயங்கிய வணிக விமானங்களின் பறப்புகள் சுமார் 3.8 கோடி. லட்சத்துக்கு ஒன்று என்றால் ஓர் ஆண்டில் 380 விமானங்கள். ஒவ்வொரு நாளும் ஒன்றுக்கு மேல், அதுவும் கட்டுப்பாட்டுப் பழுதால் மட்டுமே. அப்படி ஓர் உலகில் யாரும் விமானச் சீட்டு வாங்க மாட்டார்கள். பெரிய படை விமானங்களுக்கான 20 லட்சத்தில் ஒன்று என்ற கடுமையான எண்ணை எடுத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 19 விமானங்கள் விழும். எவ்வளவு ஆபத்து ஏற்கத்தக்கது என்பதை எத்தனை முறை பறக்கிறோம் என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. லட்சத்தையும் நூறு கோடியையும் பக்கத்தில் வைத்து, படைத்துறை 10,000 மடங்கு தளர்வானது என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது தவறு. நூறு கோடி என்பது தனித்தனி பழுதுநிலை ஒவ்வொன்றுக்கும் உரியது. லட்சம் என்பது கட்டுப்பாட்டு அமைப்பு முழுவதற்கும் சேர்த்துச் சொன்னது. பொது விமானத்தின் 100 பழுதுநிலைகளையும் கூட்டினால் 1 கோடி மணி நேரத்துக்கு ஒன்று என்றுதான் வரும். போர் விமானத்தின் ஒரு பறப்பு ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்று கொண்டால், வேறுபாடு சுமார் 100 மடங்கு. பொது விமானக் கணக்கில் எல்லா அமைப்புகளும் அடக்கம் என்பதால் உண்மை இடைவெளி அதைவிடச் சற்று அதிகம். ஆனாலும் பத்தாயிரம் அல்ல.

அந்த நூறு மடங்கை ஏன் விட்டுக்கொடுத்தார்கள்? ஒரு காரணம் எடை. கூடுதலாக ஒரு கணினியும் ஒரு ஹைட்ராலிக் குழாயும் வைத்தால் எரிபொருளோ ஆயுதமோ வேகமோ குறையும். எதிரியிடம் தோற்கும் விமானம் பாதுகாப்பானதல்ல. இன்னொரு காரணம் வெளியேற்று இருக்கை. மில்-எஃப்-9490டி கட்டுப்பாட்டு அமைப்பின் நிலைகளை ஐந்தாகப் பிரிக்கிறது. முதல் நிலை இயல்பானது. நான்காவது, உடனே அவசரமாகத் தரையிறங்கும் அளவுக்கு மட்டும் கட்டுப்பாடு மிஞ்சிய நிலை. ஐந்தாவது, விமானிகள் பத்திரமாக வெளியே குதிக்கும்வரை விமானத்தைப் பிடித்து நிறுத்தக்கூடிய நிலை. விமானத்தைக் கைவிடுவதையே ஒரு நிலையாக விதிநூல் எழுதிவைத்திருக்கிறது. பொது விமான விதியில் இந்த ஐந்தாவது நிலைக்கு இடமே இல்லை. தொடர்ந்து பாதுகாப்பாகப் பறந்து தரையிறங்க முடிய வேண்டும்; முடியாவிட்டால் அது பேரழிவு என்ற கணக்கில் சேரும்.

மூன்றாவது காரணம் ஒப்புதல். விமானி ஆபத்தை அறிந்து ஏற்றவர். மில்-எஸ்டிடி-882 என்ற படைத்துறைப் பாதுகாப்பு விதி, மிஞ்சும் ஆபத்தை யார் கையெழுத்திட்டு ஏற்க வேண்டும் என்பதையே வகைப்படுத்துகிறது. ஆபத்து பெரிதாகப் பெரிதாக அதிகாரியின் பதவியும் உயர வேண்டும். ஜன்னலோர இருக்கையில் குழந்தையை மடியில் வைத்திருக்கும் பயணிக்காக எந்த அதிகாரியும் அப்படிக் கையெழுத்திட முடியாது.

ஒன்றாகப் பழுதாகும் நான்கு

இவ்வளவு அரிதான பழுதை எந்தத் தனிக் கருவியாலும் எட்ட முடியாது. எனவே ஒரே வேலைக்குப் பல தடங்கள். ஒரு கணினித் தடம் 1,000 மணி நேரத்துக்கு ஒரு முறை பழுதாகிறது என்று கொண்டால், இரண்டு தடங்கள் ஒரே மணி நேரத்தில் பழுதாவது 10 லட்சத்தில் ஒன்று. மூன்றும் பழுதாவது 100 கோடியில் ஒன்று. இரண்டு தடங்கள் மாறுபட்டால் எது சரி என்று தெரியாது. மூன்று இருந்தால் பெரும்பான்மை வெல்லும். நான்கு இருந்தால் ஒன்றை இழந்த பிறகும் பெரும்பான்மை மிஞ்சும். நிலைகுலைவுள்ள போர் விமானங்களில் நான்கு தடங்கள் வழக்கமானதற்கு இதுவே காரணம்.

இந்தப் பெருக்கல் முழுவதும் ஒரு நிபந்தனையில் தொங்குகிறது: தடங்கள் தனித்தனிக் காரணங்களால்தான் பழுதாக வேண்டும். 2008 பிப்ரவரி 23 அன்று குவாம் தீவின் ஆண்டர்சன் தளத்தில் பி-2 குண்டுவீச்சு விமானம் ஒன்று மேலெழும்போது அந்த நிபந்தனை உடைந்தது. காற்றழுத்தத்தை அளக்கும் 24 உணரிகளில் மூன்றில் ஈரம் புகுந்திருந்தது. அந்த நிலையில் அவற்றைச் சீரமைத்ததால் கணினிகளுக்குத் தவறான அளவு போனது. உண்மையைவிட வேகம் அதிகம் என்று நம்பிய கணினிகள், மேலெழுந்தவுடன் மூக்கை அளவுக்கு மீறித் தூக்கிவிட்டன. விமானம் ஏற்றவிசை இழந்து ஓடுபாதை அருகே விழுந்து எரிந்தது. இரண்டு விமானிகளும் குதித்து உயிர் பிழைத்தார்கள். கணினிகள் ஒன்றுகூடப் பழுதாகவில்லை. எல்லாம் சொன்னபடி வேலை செய்தன. பொய்யை நம்பி வேலை செய்தன.

தடங்கள் ஒரே காரணத்தால் ஒன்றாகப் பழுதாவதற்குப் பொது விமானத் துறை முன்பே கண்ட விடை வேற்றுமை. ஏ320-இல் எலிவேட்டர்-எய்லரான் கணினிகளையும் ஸ்பாய்லர் எனும் இறக்கைத் தகட்டையும் எலிவேட்டரையும் இயக்கும் கணினிகளையும் வெவ்வேறு நிறுவனங்கள், வெவ்வேறு வகைச் செயலிகளைக் கொண்டு, வெவ்வேறு குழுக்கள் எழுதிய மென்பொருளோடு செய்தன. 1995-ல் சேவைக்கு வந்த போயிங் 777-இல் மூன்று முதன்மைக் கணினிகள். ஒவ்வொன்றின் உள்ளும் மூன்று தடங்கள். அந்த மூன்றிலும் மூன்று வேறு நிறுவனங்களின் செயலிகள். ஒரு செயலியின் வடிவமைப்பிலேயே பிழை ஒளிந்திருந்தாலும் மற்ற இரண்டும் அதில் விழாது. போர் விமானங்கள் பெரும்பாலும் ஒரே வகைக் கணினியை நான்காக அடுக்கி, ஒரே மென்பொருளை மிகக் கடுமையாகச் சோதிக்கும் வழியை விரும்பின.

மென்பொருளின் நம்பகத்தன்மையை எண்ணாகச் சொல்ல முடியாது என்பதை இரு துறைகளும் ஒப்புக்கொள்கின்றன. ஏதேனும் ஒரு நிலையில் பிழை தரும் வரி அதில் இருந்தால் அந்த நிலை வரும்போதெல்லாம் பிழைதான். 100 கோடி மணி நேரம் ஓட்டிப் பார்க்கவும் வழியில்லை. அதனால் டிஓ-178 என்ற பொதுத் துறை நெறி, மென்பொருள் எழுதப்பட்ட முறையைச் சோதிக்கிறது. 2011-ல் வந்த அதன் சி பதிப்பில், பேரழிவோடு தொடர்புள்ள மென்பொருள் நிறைவேற்ற வேண்டிய இலக்குகள் 71. படைத்துறையும் இன்று இந்த நெறியைப் பெருமளவு எடுத்துக்கொள்கிறது.

எப்படிப் பறக்க வேண்டும்

பழுதாகாமல் இருப்பது ஒன்று. கைக்கு இணங்கிப் பறப்பது மற்றொன்று. இதில் நிலைமை தலைகீழ். பொது விமான விதி இங்கே சுருக்கமாகப் பேசுகிறது. படைத்துறைதான் நுணுக்கமாக அளக்கிறது.

அசாதாரணத் திறனோ விழிப்போ உடல்வலுவோ இல்லாத விமானி ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே பகுதி 25-இன் சாரம். சில எண்களும் உண்டு. மூக்கை உயர்த்த இரண்டு கைகளால் சற்று நேரம் தர வேண்டிய விசை சுமார் 34 கிலோவைத் தாண்டக் கூடாது. சுக்கான் மிதிக்கு வரம்பு சுமார் 68 கிலோ. பெரிய கோல் இருந்த காலத்து எண்கள் இவை. ஏ320-இல் அந்தக் கோலுக்குப் பதில் விமானியின் பக்கத்தில் ஒரு சிறு கைப்பிடி வந்தபோது பழைய விதி பொருந்தவில்லை. அதிகாரிகள் அந்த விமானத்துக்கெனச் சிறப்பு நிபந்தனைகள் எழுத வேண்டியதாயிற்று.

படைத்துறையின் மில்-எஃப்-8785 விதி விமானங்களை நான்கு வகையாகவும், பறப்பின் கட்டங்களை மூன்றாகவும் பிரிக்கிறது. வான்சண்டை, பறக்கும்போதே எரிபொருள் பெறுதல் போன்றவை முதல் கட்டம். மேலேறுதலும் சீராகப் பறத்தலும் இரண்டாவது. எழுதலும் இறங்குதலும் மூன்றாவது. ஒவ்வொன்றிலும் கையிணக்கத்துக்கு மூன்று தரங்கள். முதல் தரத்தில் பணி எளிதாக முடியும். இரண்டாவதில் முடியும், ஆனால் விமானிக்குச் சிரமம். மூன்றாவதில் விமானத்தைப் பத்திரமாகப் பிடித்திருக்கலாம், பணி முடியாது. பழுதால் இரண்டாம் தரத்துக்கு இறங்குவது 100 பறப்புகளுக்கு ஒன்றுக்கும் குறைவாகவும், மூன்றாம் தரத்துக்கு இறங்குவது 10,000 பறப்புகளுக்கு ஒன்றுக்கும் குறைவாகவும் இருக்க வேண்டும். கோலை அசைத்ததற்கும் விமானம் அசைவதற்கும் நடுவே உள்ள தாமதம் முதல் தரத்தில் 0.10 நொடியைத் தாண்டக் கூடாது, 0.25 நொடி என்பது மூன்றாம் தரத்தின் எல்லை. சோதனை விமானிகள் தங்கள் அனுபவத்தை 1 முதல் 10 வரை மதிப்பிட 1969-ல் வெளியான கூப்பர்-ஹார்ப்பர் அளவுகோல் இன்றும் இரு துறைகளிலும் வழக்கில் இருக்கிறது.

தாமதத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? விமானி மூக்கை உயர்த்தக் கோலை இழுக்கிறார். பரப்பு உடனே அசையவில்லை. அவர் இன்னும் இழுக்கிறார். அதற்குள் முதல் கட்டளையும் இரண்டாவதும் சேர்ந்து வந்து மூக்கு அளவுக்கு மீறி உயர்கிறது. அவர் தள்ளுகிறார்; அதுவும் தாமதமாக, அதிகமாக வருகிறது. திருத்த முயலும் கையே ஆட்டத்தை வளர்க்கிறது. சுவீடனின் கிரிப்பன் போர் விமானம் 1989 பிப்ரவரியில் தரையிறங்கும்போது இப்படித்தான் விழுந்தது. 1993 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோமில் விழாக் கூட்டத்தின் முன் பறந்த மற்றொரு கிரிப்பனும் இதனால் கட்டுப்பாடு இழந்தது. விமானி குதித்தார், தரையில் யாரும் இறக்கவில்லை. அசையும் பரப்புகள் தம் வேக வரம்பைத் தொட்டுவிட்டதால் கணினி கேட்டதைக் கொடுக்க முடியாமல் போனதே இரண்டிலும் அடிப்படை. மென்பொருளைத் திருத்திய பின் கிரிப்பன் நம்பகமான விமானமாகப் பல நாடுகளில் பறக்கிறது.

பாக்தாத், 2003

எதிரி சுடுவான் என்பதும் படைத்துறை விதியின் ஒரு பகுதி. ஒரு குண்டு எல்லாத் தடங்களையும் அறுக்காதபடி குழாய்களும் கம்பிகளும் விலகிச் செல்ல வேண்டும். 2003 ஏப்ரல் 7 அன்று பாக்தாத் மேல் தாக்கப்பட்ட ஏ-10 விமானம் இரண்டு ஹைட்ராலிக் அமைப்புகளையும் இழந்தது. அந்த விமானத்தில் அதற்கென்றே வடவழி மாற்றுக் கட்டுப்பாடு வைக்கப்பட்டிருந்தது. கேப்டன் கிம் கேம்பல் கைவலுவால் அதை ஓட்டிக் குவைத் தளத்தில் இறக்கினார்.

அதே ஆண்டு நவம்பர் 22 அன்று, அதே நகரிலிருந்து கிளம்பிய ஏர்பஸ் ஏ300 சரக்கு விமானத்தின் இடது இறக்கையை ஏவுகணை தாக்கியது. மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் போயின. பொது விதிப்படி செய்யப்பட்ட அந்த விமானத்தில் வடவழி மாற்று இல்லை. ஏவுகணையைக் கணக்கில் எடுக்கச் சொல்லும் விதியும் இல்லை. குழுவினர் மூவரும் இரு எஞ்சின்களின் விசையைக் கூட்டியும் குறைத்தும் விமானத்தைத் திருப்பி, உயிருடன் தரையிறங்கினார்கள். விமான வரலாற்றின் மாபெரும் திறன்களில் இது ஒன்று. ஆனால் விதி எதிர்பார்ப்பது திறனை அல்ல.

பொது விமானத்துக்கும் வெடிப்பு உண்டு என்பதை 1989 ஜூலை 19 காட்டியிருந்தது. யுனைடெட் நிறுவனத்தின் 232 எண் பயணத்தில் பறந்த டிசி-10 பயணிகள் விமானத்தின் வால் எஞ்சினில் விசிறித் தட்டு வெடித்துச் சிதறி, வாலில் ஓடிய மூன்று ஹைட்ராலிக் குழாய்களையும் அறுத்தது. 296 பேரில் 112 பேர் இறந்தார்கள். மூன்று அமைப்புகள் இருந்தன. மூன்றும் ஒரே இடத்தைக் கடந்தன.

படை விமானத்தில் இரண்டு, பயணிகள் விமானத்தில் ஒன்று

இரு விதிகளும் ஒரே இயந்திரத்தில் சந்திப்பதும் உண்டு. போயிங் 767-இலிருந்து உருவான கேசி-46 எரிபொருள் நிரப்பும் விமானம் முதலில் எஃப்.ஏ.ஏ. சான்றும் பிறகு படைத்துறைப் பணிகளுக்கான சான்றும் பெற்றது. அதில் எம்காஸ் என்ற தானியங்கி அமைப்பு உண்டு. விமானத்தின் தாக்குகோணம், அதாவது இறக்கை எதிர்க்காற்றைச் சந்திக்கும் கோணம், அளவு மீறும்போது அது மூக்கைத் தாழ்த்தும். கேசி-46-இல் அது இரண்டு உணரிகளை ஒப்பிட்டுப் பார்க்கிறது. விமானி கோலை எதிர்த்திசையில் அசைத்தால் நின்றுவிடும்.

அதே பெயரிலான அமைப்பு 737 மேக்ஸ் பயணிகள் விமானத்தில் ஒரே ஓர் உணரியை நம்பியது. பேரழிவு என்ற வகையில் அதன் பழுதைச் சேர்க்கவில்லை. விமானிகள் சில நொடிகளில் கண்டறிந்து சரிசெய்துவிடுவார்கள் என்று கொண்டார்கள். அந்த வகைப்பாட்டால் நூறு கோடி என்ற எண்ணும், ஒற்றைப் பழுது கூடாது என்ற கட்டளையும் அதைத் தொடாமலே போயின. 2018 அக்டோபர் 29 அன்று இந்தோனேசியாவில் லயன் ஏர் விமானத்தில் 189 பேரும், 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியாவில் 157 பேரும் இறந்தார்கள். தளர்வானது என்று கருதப்படும் படைத்துறையின் விமானத்தில் இரண்டு உணரிகள். கடுமையானது என்று கருதப்படும் விதியின் கீழ் வந்த விமானத்தில் ஒன்று. விதி எவ்வளவு கடுமையானது என்பதைவிட, எந்தப் பழுதை எந்த வகையில் வைத்தார்கள் என்பதே அந்த 346 பேரின் முடிவைத் தீர்மானித்தது.

திருத்தப்பட்ட மேக்ஸில் எம்காஸ் இரண்டு உணரிகளையும் ஒப்பிடுகிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இயங்காது. ஒரு நிகழ்வுக்கு ஒரு முறை மட்டுமே இயங்கும். விமானி கோலால் வெல்ல முடியாத அளவுக்கு மூக்கைத் தாழ்த்தாது. எஃப்.ஏ.ஏ. 2020 நவம்பர் 18 அன்றும், இந்தியாவின் டிஜிசிஏ 2021 ஆகஸ்டிலும் அந்த விமானத்தின் மீதான தடையை நீக்கின.